ஒயில் கூலருக்கு இடம் சொன்னவர்கள்

இன்றைக்கு நாம் பார்க்கப்போகிற பிராணியின் பெயர் 'இடஞ்சொல்லி'. அகராதியில் தேடாதீர்கள், பெயர் வைத்தவன் நான்தான். ரொறன்ரோவில் இது மே மாதமளவில் வெளியே வரும். முதல் ஸ்னோ விழும்வரை கராஜ் வாசல்களில் நடமாடும். குளிர்காலத்தில் செத்துப்போகும் என்று யாரும் சந்தோசப்பட வேண்டாம். கலியாண மண்டபங்களுக்குள் புகுந்து, மணவறையை எந்தச் சுவரோரம் வைத்திருக்கவேண்டும் என்று அங்கே சொல்லிக்கொண்டு நிற்கும்.

நீங்கள் இதைக் கட்டாயம் கண்டிருப்பீர்கள். புதிதாக வாங்கிய சோபா வாசலுக்குள் நுழையாமல், ஒரு முனை உங்கள் தோளிலும் மறுமுனை உங்கள் மனைவியின் வயிற்றிலும் முட்டிக்கொண்டு நிற்க, உள்ளே போகவும் வழியில்லாமல் வெளியே வரவும் வழியில்லாமல் நீங்கள் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது, கையில் கோப்பியோடு தெருவால் வந்த ஒருவர் நின்று, தலையைச் சரித்துப் பார்த்து, "கொஞ்சம் சரிச்சுப் பிடியுங்கோவன்" என்கிறாரே, அவர்தான். தூக்குவாரா? தூக்கமாட்டார். போவாரா? அதுவும் மாட்டார்.

கெட்ட மனிதர் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். கெட்டவராக இருந்தால் கதவைப் பூட்டிவிடலாம். இவர் நல்லவர், உங்களுக்கு வேண்டியவர், உங்கள் வீட்டு நன்மை தீமைக்கு முதல் ஆளாக வந்து நிற்பவர். 'சொல்லுறன் எண்டு குறை நினைக்கக்கூடாது' என்று தொடங்குவார். குறை வரப்போகிறது என்று அறிந்துகொள்க. 'பிறகு உங்கட விருப்பம்' என்று முடிப்பார். உங்கள் விருப்பத்தின் கதை அந்த இடத்தில் முடிந்தது.

ரொறன்ரோவில் நாங்கள் குடியிருக்கிற மல்வேர்னில் இந்த இனத்தில் மிகச் சிறந்த ஒருவர் இருக்கிறார். குலசிங்கம் அண்ணை. பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவருடைய ஆற்றலுக்கேற்ற சவால் பல காலமாகக் கிடைக்கவில்லை. கார் ரயர், வேலி, பாபிகியூ அடுப்பு என்று சில்லறை விஷயங்களிலேயே அவருடைய அறிவு வீணாகிக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்குப் பக்கத்து வீட்டுப் பிரசாந், கராஜுக்குள் ஆகாய விமானம் கட்டத் தொடங்கினான்.

ஓம், விமானம்தான். ஒரு ஆள் இருந்து பறக்கக்கூடிய சின்ன விமானம். கனடாவில் அப்படிக் கட்டலாம்; இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துச் சரி என்றால் பறக்கவும் செய்யலாம். உடம்பும் எஞ்சினும் கராஜில், இறக்கைகள் பேஸ்மென்டில், வால் கொஞ்சக்காலம் சாமியறையில். ஏன் கட்டுகிறாய் என்று கேட்டால் "சும்மா" என்பான். சும்மா தொடங்கிய வேலை ஏழு வருடம் ஓடிவிட்டது.

அந்த ஏழு குளிர்காலமும் அவன் மனைவி நிலாணி தன்னுடைய காரை வெளியே நிறுத்தி, விடியற்காலையில் கண்ணாடியில் ஐஸ் சுரண்டிவிட்டுத்தான் வேலைக்குப் போனாள். விமானத்தின் சீற்றுக்கு உறை தைத்துக் கொடுத்தவளும் அவள்தான், அதனால் அவளைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. போன பங்குனியில் சுரண்டுகிற கட்டை கையோடு முறிந்த அன்று புருசனிடம் சொல்லிவிட்டாள்.

"அப்பா, அடுத்த ஸ்னோவுக்கு முதல் உது வெளியில, என்ர கார் உள்ளுக்க. இல்லாட்டி வித்துப்போடுவம்."

பிரசாந் ஓம் என்றான். வேறென்ன சொல்வது? வடக்கே பெரி நகரத்துப் பக்கம் ஒரு வெள்ளைக்காரர் விமானத்தை அப்படியே வாங்கிக்கொள்கிறேன் என்று ஏற்கெனவே ரெலிபோன் எடுத்திருந்தார். இன்ஸ்பெக்டர் ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை வருவதாக இருந்தது. அன்றைக்குக் கையெழுத்து விழுந்தால் விமானம் லொறியில் ஏறி விமானத் திடலுக்குப் போகும். விழாவிட்டால் அடுத்த தவணை வசந்தத்தில்தான், அதற்குள் அது பெரிக்குப் போய்விடும். எல்லா வேலையும் முடிந்து ஒன்றே ஒன்றுதான் மிச்சமாக இருந்தது. ஒயில் கூலர்.

ஒயில் கூலர் என்பது தடித்த புத்தகம் அளவில் ஒரு அலுமினியப் பெட்டி. எஞ்சினுக்குள் ஓடிச் சூடேறிய ஒயில் அதற்குள் வந்து, காற்றுப் பட்டு ஆறி, திரும்பிப் போகவேண்டும். ஆறாவிட்டால் எஞ்சின் நின்றுவிடும். நெடுஞ்சாலையில் எஞ்சின் நின்றால் ஓரம் கட்டலாம். மேலே ஓரம் இல்லை.

விமானத்தோடு வந்த வரைபடத்தில் அந்தப் பெட்டிக்கு இடம் தெளிவாகக் கீறியிருந்தது: எஞ்சினின் இடப்பக்கப் பின்மூலை. பிரசாந் அங்கேயே பூட்டினான். வேலை முடிந்தது என்று கைதுடைக்கும்போது கராஜ் வாசலில் ஒரு நிழல் விழுந்தது.

"சொல்லுறன் எண்டு குறை நினைக்கக்கூடாது தம்பி," என்றார் குலசிங்கம் அண்ணை. "காத்து எங்கயிருந்து வருது?"

"முன்னாலயிருந்து, அண்ணை."

"அப்ப உது ஏன் பின்னுக்கு? வேர்த்தால் ஃபானை முகத்துக்கு முன்னால வைப்பீரோ, பிடரிக்குப் பின்னால வைப்பீரோ?"

"படத்தில அப்பிடித்தான் கிடக்கு, அண்ணை."

"படம் கீறினவன் உம்மட பிளேனில ஏறப்போறானோ? நாங்கள் சண்டை நேரம் பெற்றோல் இல்லாம மண்ணெண்ணெயில மோட்டச்சைக்கிள் ஓடின ஆக்கள். பிறகு உம்மட விருப்பம்."

பிரசாந்துக்கு விமானம் கட்டத் தெரியும். குலசிங்கம் அண்ணையிடம் மாட்டேன் என்று சொல்லத் தெரியாது. அவனுக்கு நிலாணியைப் பேசி, சாதகம் பார்த்து, இரண்டு வீட்டாரையும் சம்மதிக்கவைத்துக் கலியாணத்தை ஒப்பேற்றியவரே அவர்தான். அதை அவர் மறந்தாலும்... எங்கே மறந்தார்? "என்ர சொல்லைக் கேட்டுத்தானே நல்லா இருக்கிறீர்" என்று மாதம் ஒருமுறையாவது சொல்லுவார். அவர் சொல்லைக் கேட்டுத் தாலியே கட்டிய மனிதன், ஒயில் கூலரை மாற்றமாட்டானா? மூக்குப் பக்கம் துளை போட்டு முன்னால் பூட்டினான்.

இடஞ்சொல்லி தனியாக வாழும் பிராணி அல்ல. ஒன்று குரல் கொடுத்தால் இன்னொன்று வரும். அடுத்த கிழமை அஹமது நானா வந்தார். வீட்டுக்கு வீடு ஹீற்றரும் ஏசியும் பூட்டுகிற கொம்பனி வைத்திருப்பவர், விமானத்தை ஏற்றித் திடலுக்குக் கொண்டுபோகத் தன்னுடைய லொறியைத் தருவதாக வாக்குக் கொடுத்தவர். உலகத்தில் எந்தக் கஷ்டம் வந்தாலும் ஒரு தகரக் குழாய் போட்டால் தீரும் என்பது அவருடைய நம்பிக்கை.

"இது ஆர் முன்னுக்கு வைக்கச் சொன்னது?" என்றார். "தைமாதக் குளிரில ஒயில் நெய் மாதிரி உறையும் தம்பி. பின்சுவரில பூட்டி, ஒரு குழாயால காத்தை அனுப்பும். கூலிங் என்ர தொழில். நான் பிழையாச் சொல்லுவனா?"

பின்சுவர் என்றால் எஞ்சினுக்கும் விமானியின் முழங்காலுக்கும் நடுவில் நிற்கிற உருக்குத் தகடு. எஞ்சினில் தீப்பிடித்தால் முழங்காலைக் காப்பாற்றுவது அதுதான். லொறி தருகிற மனிதரை எப்படி மறுப்பது? அந்தத் தகட்டில் நாலு துளை, குழாய்க்கு இன்னும் நாலு. பெட்டி பின்சுவரின் இடப்பக்கத்துக்குப் போனது.

செய்தி குலசிங்கம் அண்ணைக்கு எட்டியது. அவர் வந்தார். கோப்பி இல்லாமல் வந்தார். விஷயம் பாரதூரமானது என்று அப்போதே விளங்கிவிட்டது.

"ஓ! அஹமது சொன்னால் குழாய் பூட்டலாம். நாங்கள் சொன்னது வெறும் கதை."

"ஐயோ அப்பிடியில்லை, அண்ணை..."

"இல்லை, பரவாயில்லை. சுவரிலயே இருக்கட்டும். ஆனால் இடப்பக்கம் வேண்டாம். ஒயில் எண்டுறது நெருப்புச் சம்பந்தப்பட்ட சாமான். அக்கினி மூலைக்கு வரவேணும். தென்கிழக்கு. உம்மட கராஜ் வாசல் கிழக்கு, பிளேன்ர மூக்கும் கிழக்கு, அப்ப வலப்பக்கம்."

"அண்ணை, பிளேன் திரும்பினால் தென்கிழக்கும் மாறுமெல்லோ?"

குலசிங்கம் அண்ணை அவனை இரக்கத்தோடு பார்த்தார். "முதல்ல நேராப் பறந்து பழகும்."

வலப்பக்கம் நாலு துளை. மறுநாள் அஹமது நானா வந்து, வலப்பக்கம் என்றால் குழாய் வளையும், வளைந்தால் காற்றுத் தங்கும், இரண்டு அங்குலம் மேலே தூக்கு என்றார். நாலு துளை. அண்ணை வந்து ஒரு அங்குலம் இறக்கினார். இந்த நாட்களிலெல்லாம் இருவரில் ஒருவராவது ஒரு ஆணியைத் தொட்டிருப்பாரா? தொடவில்லை. நிலாணி போட்ட தேத்தண்ணியையும் ரோல்ஸையும் மட்டும் தொட்டார்கள்.

ஒருநாள் மாலை நிலாணி வேலையால் வந்து, விமானத்தின் இருக்கைப் பக்கம் எதையோ தேட ரோர்ச் லைற்றை அடித்தாள். வெளிச்சம் பின்சுவரைத் தாண்டி, எஞ்சினைத் தாண்டி, கராஜ் கதவில் புள்ளி புள்ளியாக விழுந்தது. தகடு இடியப்பத் தட்டாக மாறியிருந்தது.

"இதென்னப்பா?"

பிரசாந் கவிழ்த்து வைத்த வாளியில் இருந்து அழுதான். நான் கேலி செய்ய வந்த ஆள்தான், ஆனாலும் அதைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. ஏழு வருடம் ஒருவன் தன் கைப்பட, ஒவ்வொரு தறையாணியாகக் கட்டியதை இரண்டு நல்ல மனிதர்கள் வாயாலேயே ஓட்டை போட்டுவிட்டார்கள். அந்தத் தகட்டைக் கண்டால் எந்த இன்ஸ்பெக்டரும் வந்த காரைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்.

நிலாணி ரோர்ச் லைற்றை அணைத்தாள். கராஜ் கதவை உள்பக்கத்தால் பூட்டினாள். பிரசாந் புதுத் தகடு வாங்கி, வெட்டி, பழையதைக் கழற்றிப் புதியதைப் பூட்டி, ஒயில் கூலரை மறுபடி வரைபடம் சொன்ன இடப்பக்கப் பின்மூலைக்கே கொண்டுவந்தான். பூட்டிய கதவுக்கு வெளியே இரண்டு சோடிச் செருப்புகள் நடக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"தம்பி, கதவைப் பூட்டி வேலை செய்தால் காத்தோட்டம் இராது. சொல்லுறன் எண்டு குறை நினைக்காதையும்."

சனிக்கிழமை வந்தது. இன்ஸ்பெக்டர் வருவதற்குக் கொஞ்ச நேரம் இருக்கும்போது ஒரு நட்டு மிச்சம். கடைசி நட்டு. முன்பக்கம் ஒருவர் ஆணியைத் திருக, ஒயில் கூலருக்குப் பின்னால் இன்னொருவர் கையை விட்டு நட்டைப் பிடிக்கவேண்டும். இடமோ ஒரு கை மட்டுமட்டாகப் போகிற இடுக்கு. பிரசாந்தின் கை போகவில்லை. நிலாணியின் கை எட்டவில்லை. நிலாணி போய்க் கராஜ் கதவைத் திறந்தாள். வெளியே இருவரும் நின்றார்கள், கையில் கோப்பியோடு.

"வாங்கோ அண்ணை," என்றாள். "உங்கட கை மெலிஞ்ச நீட்டுக் கை. இந்தாங்கோ ஸ்பனர்."

வாசகரே, இந்தப் பிராணிக்கு இயற்கையில் ஒரேயொரு எதிரிதான் உண்டு. அது ஸ்பனர். அதைக் கண்டதும் குலசிங்கம் அண்ணைக்கு இடுப்பில் நாரி பிடித்தது. கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. யாரோ ரெலிபோன் எடுப்பதாகச் சொன்னதும் நினைவுக்கு வந்தது. அஹமது நானா சத்தமில்லாமல் இரண்டு அடி பின்னால் போனார்.

"நீங்கள் பேசி முடிச்ச கலியாணம் அண்ணை," என்றாள் நிலாணி. "உங்கட கை ராசியான கை."

இதற்கு மேல் என்ன செய்வார்? கையை விட்டார். உண்மையைச் சொல்லவேண்டும், நட்டைப் பிடித்தார், பிரசாந் திருகினான், நட்டு இறுகியது. தன் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு வேலையைச் செய்து முடித்த பெருமை அண்ணையின் முகத்தில் தெரிந்தது. அந்தப் பெருமையோடு கையை இழுத்தார். கை வரவில்லை.

விரலில் நீலக்கல் மோதிரம், சனி தோசத்துக்குப் போட்டது. அது இடுக்கில் மாட்டிக்கொண்டது.

"மோதிரத்தை விரலால தள்ளிக் கழட்டுங்கோ அண்ணை!"

"கழட்டக்கூடாது! சனி மாறும்வரைக்கும் கழட்டக்கூடாதெண்டு சாத்திரியார் சொன்னவர்!"

"அப்ப சனி மாறும்வரைக்கும் இதிலயோ நிக்கப்போறியள்?"

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு கார் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் வேரோனிக்கா உயரமான பெண்மணி. ஒரு கையில் ரோர்ச் லைற்றும் மறுகையில் தடியில் பூட்டிய சின்னக் கண்ணாடியும் கொண்டு வந்தார், பல்வைத்தியர் வாய்க்குள் விடுகிற மாதிரி. எஞ்சினைப் பார்த்தார். எஞ்சினோடு சேர்ந்து நின்ற மனிதரைப் பார்த்தார். இவரும் வரைபடத்தில் இருக்கிறாரா என்று பிரசாந்திடம் ஆங்கிலத்தில் கேட்டார்.

மாட்டுப்பட்ட மனிதர் வாயை மூடிக்கொண்டு நிற்பார் என்று நீங்கள் நினைத்தால் இந்த இனத்தை நீங்கள் இன்னும் விளங்கிக்கொள்ளவில்லை. "மேடம், லைற் கொஞ்சம் லெஃப்ற்," என்றார் குலசிங்கம் அண்ணை, சும்மா இருந்த மற்றக் கையால் காட்டி. அஹமது நானாவோ மேடம் அந்தக் கண்ணாடித் தடியை எந்தப் பக்கத்தால் விடவேண்டும் என்று விளக்கத் தொடங்கினார்.

நிலாணி குசினிக்கு ஓடிப்போய் நல்லெண்ணெய்ப் போத்தலோடு வந்தாள். இடுக்குக்குள் ஊற்றினாள். அது கையால் வழிந்து, ஒயில் கூலரால் வழிந்து, கீழே சொட்டத் தொடங்கியது. வேரோனிக்காவின் கண்ணாடி அந்தச் சொட்டிலே போய் நின்றது. முகம் மாறியது. ஒயில் கசிவா?

பிரசாந்துக்கு உயிர் போய் வந்தது. "எள்ளு," என்றான். இன்ஸ்பெக்டர் அம்மணி விரலில் தொட்டு முகர்ந்து பார்த்தார். நம்பிவிட்டார்.

ஒரு இழுவை. கை வந்தது! வாசலில் நின்ற நானும் சேர எல்லோரும் கைதட்டினோம். கைதட்டி முடியத்தான் பார்த்தோம், விரலில் மோதிரம் இல்லை. எஞ்சினுக்குள் எங்கேயோ விழுந்துவிட்டது.

வேரோனிக்கா பேனாவை மூடினார். எஞ்சினுக்குள் ஒரு உலோகத் துண்டு திரிகிற விமானத்துக்குத் தன்னால் கையெழுத்து வைக்க முடியாது, மோதிரம் வெளியே வந்தால் பார்க்கலாம், அடுத்த பரிசோதனைக்கு நேரமாகிறது என்றார். பிரசாந்தின் முகத்தில் பெரிக்கு விற்கப்போகிற கவலை தெரிந்தது.

உடனே தொடங்கியது. மோதிரம் கீழ்த்தட்டில்தான் என்றார் அண்ணை. இல்லை, பாரமான சாமான் பின்னுக்குத்தான் போகும் என்றார் அஹமது நானா. தெருவால் போன இரண்டு பேர் உள்ளே வந்து தங்களுக்குத் தெரிந்த இடங்களைச் சொன்னார்கள். விமானத்தை முன்னுக்குத் தள்ளு, இல்லைப் பின்னுக்கு இழு, காந்தம் கொண்டுவா, தங்கத்தைக் காந்தம் இழுக்குமோ, இந்தக் காலத்துத் தங்கம் இழுக்கும். கராஜ் முழுக்க விரல்கள்.

"எல்லாரும் வாயை மூடுங்கோ!"

யார் சொன்னது? பிரசாந். எங்கள் பிரசாந்! கலியாணம் பேசியவருக்கு நேரே, லொறி தருபவருக்கு நேரே, உரத்த குரலில் சொன்னான். குலசிங்கம் அண்ணையின் வாய் திறந்தபடி இருந்தது, சத்தம் வரவில்லை. மல்வேர்னில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதேயில்லை.

அந்த அமைதிக்குள் பிரசாந் பின்னால் போய், விமானத்தின் வாலை மெதுவாகத் தூக்கினான். எங்கோ உள்ளே 'கிணுங்' என்று ஒரு சின்னச் சத்தம். இன்னும் கொஞ்சம் தூக்கினான். அது உருண்டு உருண்டு முன்னுக்குப் போய், மூக்கடியில் நிற்பது எல்லோருக்கும் கேட்டது. போய்க் கையை விட்டு எடுத்தான். எண்ணெய் பூசிய நீலக்கல்.

வேரோனிக்கா இன்னொருமுறை முழுவதையும் கண்ணாடி விட்டுப் பார்த்தார். எல்லாம் சரி. கையெழுத்து வைத்தார். நிலாணி பிரசாந்தின் எண்ணெய்க் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். குலசிங்கம் அண்ணை மோதிரத்தைத் துடைத்துக்கொண்டே, "தம்பி கோவத்தில சொல்லிப்போட்டார், நான் குறை நினைக்கேல்லை" என்று அஹமது நானாவிடம் சொன்னார். லொறியும் சொன்னபடி வந்தது.

இதோடு கதை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் காரடிக்குப் போன வேரோனிக்கா கதவில் கை வைத்தபடி நின்றார். திரும்பி வந்தார். எஞ்சினைத் தலை சரித்துப் பார்த்தார். சட்டப்படி எல்லாம் சரிதான், ஆனால் இது தன்னுடைய விமானமாக இருந்தால் அந்த ஒயில் கூலரை ஒரு அங்குலம் வலப்பக்கம் தள்ளியிருப்பேன் என்றார். நிலாணி ஸ்பனரை நீட்டினாள். அம்மணிக்கு அடுத்த பரிசோதனைக்கு நேரமாகிவிட்டது.

ஆகையால் வாசகரே, இது எங்கள் ஆட்களுக்கு மட்டும் உள்ள வியாதி என்று யாரும் சொல்லவேண்டாம். யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்று சோதித்துப் பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. ஒயில் கூலர் என்று ஒரு சாமான் உலகத்தில் இருப்பதே இந்தப் பக்கங்களை வாசிக்கத் தொடங்கியபோது உங்களில் பலருக்குத் தெரியாது. விமான எஞ்சினைக் கிட்ட நின்று பார்த்ததும் இல்லை. இருந்தும், முன்பக்கமா, பின்சுவரா, இடப்பக்கமா, வலப்பக்கமா என்று இவர்கள் அடிபட்டுக்கொண்டிருந்த நேரத்தில், 'அட, பேசாமல் அதை இங்கே பூட்டியிருக்கலாமே' என்று உங்கள் மனதுக்குள் ஒரு இடம் தோன்றியதா இல்லையா?

எந்த இடம் என்று தயவுசெய்து எனக்கு எழுதாதீர்கள்.